மருத்துவப் பதிவுகளுக்கு இன்னொரு படி

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கின. ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு திறக்க இயலாதவாறு பூட்டப்பட்டது. பல நாட்கள் நோயாளிகளின் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. தாக்குதலுக்கு உள்ளாகாத வேறொரு சர்வரில் காப்புநகல் இருந்தமையால் தரவுகள் மீண்டன.

இப்பாடம் நம் இல்லங்களுக்கும் பொருந்தும். கூடலூரிலிருந்து தேனிக்கோ மதுரைக்கோ மேல்சிகிச்சைக்குச் செல்பவரிடம் பழைய ஸ்கேன் படம் இருந்தால், கட்டி வளர்ந்துள்ளதா, சுருங்கியுள்ளதா என்பதை மருத்துவர் ஒப்பிட்டு அறிய இயலும். எனவே கணினியின் ஹார்டு டிஸ்க்கில் சேமித்த பதிவுகளுக்கு நகல் வேண்டும். அதற்குரிய வழிகள் வருமாறு:

1. கோப்புகளைப் படியெடுத்தல்: தேவையான கோப்புகளை மட்டும் பென் டிரைவில் சேமிப்பது எளிய முறை. ஸ்கேன் குறுந்தகட்டில் உள்ள அனைத்தையும் ஒருசேரப் படியெடுக்க வேண்டும். ஓரிரு படங்கள் மட்டும் போதா.

2. முழுப்படி: ஹார்டு டிஸ்க்கில் உள்ள மென்பொருள்கள் உட்பட அனைத்தையும் மற்றொரு டிஸ்க்கில் பதித்தல். இது ‘குளோனிங்’ எனப்படும். பழையது பழுதானால் புதியதைப் பொருத்தி இயக்கலாம். ஆயினும், படியெடுத்த நாளுக்குப் பின் சேர்ந்தவை அதில் இரா.

3. மாற்றங்களை மட்டும் சேர்த்தல்: முதலில் முழு நகல், பின்னர் புதியனவும் மாறியனவும் மட்டும். நேரமும் இடமும் மிச்சமாகும். மீட்கும்போது முதல் நகலும் அதன்பின் எடுத்த அனைத்தும் தேவைப்படும்.

4. இணையச் சேமிப்பு: வீட்டில் வெள்ளமோ திருட்டோ நேரினும் பதிவுகள் தப்பும். எனினும், தானாக ஒத்திசையும் சேவைகளில் கைப்பேசியில் அழித்தது இணையத்திலும் அழியக்கூடும். ஆகவே இதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது நல்ல நெறி. கம்பத்தில் உள்ள மகள் வீட்டில் ஒரு பென் டிரைவ் இருப்பினும் போதுமானது. நகலெடுத்தபின் அதனைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். இணைந்தே இருக்கும் நகலையும் வைரஸ் தாக்கலாம். பதிவுகள் அந்தரங்கமானவை, கடவுச்சொல்லிட்டுக் காத்திடுக.

இ.சி.ஜி. தாளின் எழுத்து நாளடைவில் மங்கும். அதனை இன்றே படமெடுத்துச் சேமியுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நகலையும் திறந்து பாருங்கள். திறக்காத நகல் அவசர வேளையில் உதவாது.