இனப்பெருக்க நலன் பாடத்தில் ஆணுறை: தயங்காமல் நடத்துவோம்

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் ‘இனப்பெருக்க நலன்’ பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். கருத்தடை முறைகள் வரும்போது, “இதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. தேர்வுக்கு அது போதலாம், வாழ்க்கைக்குப் போதாது. ஏன் என்பதை இரண்டு எண்களே சொல்லிவிடும்.

ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால், ஓராண்டில் 100 பெண்களில் சுமார் 2 பேரே கருத்தரிக்கிறார்கள். மறதியும் தவறான பயன்பாடும் சேரும் நடைமுறை வாழ்வில் இது சுமார் 13 ஆகிறது. உறை ஒன்றுதான், வேறுபடுவது அதைப் பயன்படுத்தும் விதம். அதைக் கற்பிக்க முடியும் என்பதால்தான் இந்தப் பகுதியைத் தவிர்க்கக் கூடாது என்கிறேன்.

முதலில் அது செயல்படும் விதத்தைக் கரும்பலகையில் எழுதுகிறேன். பெரும்பாலான ஆணுறைகள் ரப்பர் பாலில் செய்யப்படுபவை. குமரி மாவட்ட மாணவர்களுக்கு ரப்பர் பால் புதிதல்ல. கிழியாத உறை விந்தணுவையும் தடுக்கும். அதைவிட மிகச் சிறிய எச்.ஐ.வி. வைரஸையும் தடுக்கும். கருத்தடை மாத்திரையும் காப்பர்-டியும் கருத்தரிப்பை மட்டுமே தடுப்பவை. கருத்தரிப்பு, பால்வினை நோய்கள் ஆகிய இரண்டிலிருந்தும் பாதுகாப்புத் தருவது உறையே. எனினும் ஹெர்பிஸ், எச்.பி.வி. போன்றவை உறை மூடாத தோல் வழியாகவும் பரவும் என்பதால், அவற்றுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கேள்விப் பெட்டி. பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் ‘இல்லை’ என்று எழுதலாம். யார் கேட்டது என்று தெரியாததால் கேலிக்கு இடமில்லை. பெரும்பாலும் வரும் கேள்விகள் இவை:

இரண்டு உறைகளை ஒன்றாக அணிந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பா? இல்லை. உராய்வில் கிழியும் வாய்ப்பே கூடும்.

கழுவி மீண்டும் பயன்படுத்தலாமா? கூடாது. ஓர் உறை ஒரு முறைக்கே.

பர்ஸில் வைத்திருக்கலாமா? வெப்பமும் அழுத்தமும் ரப்பரைக் கெடுக்கும். காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் தடவலாமா? கூடாது. ஊதிய இரண்டு பலூன்களில் ஒன்றின் மீது எண்ணெய் தடவி வைத்தால், ரப்பரை எண்ணெய் நலிவடையச் செய்வதை மாணவர்களே காணலாம்.

கிழிந்துவிட்டால்? தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் முதல் 72 மணி நேரம் முக்கியம். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் இரகசியமாகக் காக்கப்படும்.

“இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது: இது அனுமதி அல்ல, நாளைய குடும்ப வாழ்வுக்கான அறிவு. 18 வயது நிறையாதவர் போக்சோ சட்டம், 2012-இன்படி குழந்தை. அவரோடு பாலுறவு குற்றம். இதையும் அதே பாடவேளையில் சொல்கிறேன். ஒரு மாணவி தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், இரகசியம் காப்பதாக வாக்களிக்காதீர்கள். காவல் துறைக்குத் தெரிவிப்பது நம் சட்டக் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உடலுறுப்புகளின் சரியான பெயர்களையும் பாதுகாப்பான, பாதுகாப்பற்ற தொடுதலையும் அங்கேயே கூச்சமின்றிக் கற்ற குழந்தை, மேல்வகுப்பில் இந்தப் பாடத்தைச் சிரிப்பின்றிக் கேட்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான் கண்டறியப்பட்டது. அன்று பலருக்குத் தற்காத்துக்கொள்ளும் வழி தெரியவில்லை. இன்று அந்த வழி நம் பாடநூலிலேயே இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு பாடவேளை ஒதுக்குவோம்.