குடியை விட விரும்புவோருக்குத் துணை எங்கே?



“சாமி, அவரைப் பீடத்துக்கு முன்பாக ஒரு சத்தியம் பண்ண வையுங்கள். இனிமேல் தொடமாட்டார்.” பூசை முடிந்து வரும்போது தாய்மார் சிலர் கண்ணீரோடு என்னிடம் கேட்பது இதுவே. நானும் பல வருஷம் அப்படியே வார்த்தைப்பாடு வாங்கி வந்தேன்.

முன்பு நான் இருந்த பங்கில், கொத்து வேலை செய்யும் ஒருவர் திருவிழாக் கொடியேற்றத்தன்று சத்தியம் செய்தார். பதினைந்து வருஷமாகக் காலையும் மாலையும் குடித்தவர். சொன்ன சொல் தவறாமல் அன்றே அடியோடு நிறுத்தினார். மறுநாள் இரவு கைகால் நடுங்கி, வலிப்புக் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேவகிருபையால் பிழைத்துக்கொண்டார். “நாள்தோறும் அதிகமாய்க் குடிக்கிறவரை, வைத்தியர் பார்வையில்லாமல் திடீரென்று நிறுத்தச் சொல்லலாமா?” என்று டாக்டர் என்னைக் கேட்டார். அந்த மனிதர் தம் வார்த்தையைக் காப்பாற்றினார். வழிகாட்டிய எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை. ஆகையால் நான் தாமதமாய்க் கற்றதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குடிவெறி பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். குடிப்பழக்கம் முற்றினால் நோயாகும் என்பதையும் படிக்க வேண்டும். குடிநோயாளிகளை மற்ற நோயாளிகளைப்போலவே ஆஸ்பத்திரிகளில் சேர்க்க வேண்டுமென்று அமெரிக்க வைத்தியச் சங்கம் 1956-ம் வருஷத்திலேயே அறிவித்தது. ஆத்துமத்துக்குப் பாவசங்கீர்த்தனம் வேண்டும். சரீரத்துக்கு வைத்தியர் வேண்டும். அன்றாட வாழ்வுக்கோ, அதே துன்பத்தை அனுபவித்து மீண்ட தோழர் வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் நாம் தேடுவதில்லை.

அந்தத் தோழமை பிறந்த கதையைக் கேளுங்கள். 1935-ம் வருஷம் மே மாதம், நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில் செய்த பில் வில்சன் என்பவர் ஒரு வியாபாரக் காரியமாக ஆக்ரன் நகருக்கு வந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் கெட்டுப்போயிற்று. தங்கிய ஹோட்டலிலேயே மதுச்சாலை. மனம் அங்கே இழுத்தது. அவரோ டெலிபோனிடம் போய், அவ்வூர்ப் போதகர் ஒருவரை அழைத்து, தம்மைப்போல் குடியால் கஷ்டப்படும் வேறொருவரோடு பேச வேண்டும் என்றார். அவ்வழியாக டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்பவரைச் சந்தித்தார். ஸ்மித் குடியை விட்ட நாளாகிய 1935 ஜூன் 10-ம் தேதியே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சபையின் தொடக்க நாளாக எண்ணப்படுகிறது. சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். வில்சன் உபதேசம் பண்ணப் போகவில்லை. தாம் குடியாமலிருக்கவே துணை தேடிப் போனார். இதுவே அக்கூட்டங்களின் உயிர்நாடி. அதே ஊரில், அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில், இக்னேசியா என்னும் கன்னியாஸ்திரீ 1939-ல் குடிநோயாளிகளுக்குப் படுக்கை கொடுக்கத் தொடங்கினார். நம் தேசத்தில் ஏ.ஏ. 1957-ல் ஆரம்பமாயிற்று.

இனி, நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்.

வினா: அங்கே என்ன நடக்கிறது?
விடை: ஒவ்வொருவரும் தாம் எப்படிக் குடித்தார், எப்படி விட்டார், இன்று எப்படியிருக்கிறார் என்று சொல்லுகிறார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். இன்று ஒரு நாள் குடியாமலிருப்பேன் என்பதே அவர்கள் தீர்மானம்.

வினா: பணம் கட்ட வேண்டுமா? பெயர் வெளியே தெரியுமா?
விடை: கட்டணம் கிடையாது, உறுப்பினர் இஷ்டப்பட்டதைப் போடுகிறார்கள். அங்கே கண்டவரையும் கேட்டதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே போதும்.

வினா: இது வேறு வேதத்தாரின் ஜெபக்கூட்டமா?
விடை: அல்ல. அது எந்த வேதத்தையும் சேர்ந்ததன்று. அவர்களுடைய 12 படிகளில் ஒன்று, தன் குற்றங்களைக் கடவுளிடமும் மற்றொரு மனிதரிடமும் ஒத்துக்கொள்வது. அது தேவதிரவிய அனுமானத்துக்கு ஈடாகாது. ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு மனத்தைப் பக்குவப்படுத்தும்.

வினா: நம் ஊருக்குப் பக்கத்தில் எங்கே என்று எப்படி அறிவது?
விடை: முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். உடம்பைச் சோதிப்பதோடு, பக்கத்துக் கூட்டங்களைப் பற்றியும் விசாரிக்கலாம். மத்திய அரசின் 14446 என்ற இலவச டெலிபோன் எண்ணிலும் யோசனை கேட்கலாம். பல ஊர்களில் கோவில் பள்ளிக்கூட அறைகளிலேயே கூடுகிறார்கள். ஆகையால் பங்குச் சாமியார்களையும் கேளுங்கள். ‘திறந்த கூட்டம்’ என்றால் வீட்டாரும் கூடப் போகலாம். ஒரு கூட்டம் மனத்துக்கு ஒத்துவராவிட்டால் வேறொன்றுக்குப் போகட்டும். ஒரே நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வினா: அவர் வர மறுத்தால்?
விடை: நீங்கள் போங்கள். குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ என்ற கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸும் அவர் தோழியும் 1951-ல் தொடங்கியது. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமல்ல என்பதை அங்கே அறிவீர்கள். ஆனால் அடி உதை இருக்குமானால், முதலில் பிள்ளைகளோடு பத்திரமான இடம் தேடுங்கள். அதைப் பொறுத்துக்கொள்வது புண்ணியமன்று.

மற்ற குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. இன்னார் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார் என்று தெரிந்தால் தெருவில் பேசாதீர்கள். ஒருவன் வெட்கப்பட்டுத் திரும்பிப்போக நம்முடைய ஒரு சிரிப்பே போதும். விருந்தில் ‘இன்றைக்கு மட்டும்’ என்று கிளாஸை நீட்டவும் வேண்டாம்.

அந்தக் கொத்தனார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், வாரந்தோறும் பஸ் ஏறிப் பக்கத்து டவுன் கூட்டத்துக்குப் போனார். இரண்டு தரம் தவறி விழுந்தார். இரண்டு தரமும் அங்கேயே திரும்பிப் போனார். நான் அந்தப் பங்கை விட்டு வரும்போது, தம் தெருக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் இந்தச் சிலுவை இருக்குமானால் என்னிடம் வாருங்கள். சத்தியம் மட்டும் வாங்கி அனுப்பிவிடமாட்டேன். டாக்டர் எங்கே, கூட்டம் எந்தக் கிழமை என்று சேர்ந்தே விசாரிப்போம். முதல் நாள் தனியே போகக் கூச்சமாயிருந்தால், வாசல்வரை நானும் வருகிறேன்.

உங்கள் பங்குக் குரு