நம் ஊரை மேலிருந்து பார்ப்போம்!

முன்னுரை

வரைபடம் என்றால் பரீட்சையில் ஆறும் மலையும் குறிக்கத்தான் என்று நினைக்கிறோம். ஆனால் யார் எங்கே குடியிருந்தார்கள், ஏன் அங்கே குடியிருந்தார்கள் என்பதையும் வரைபடம் சொல்லும்.

தாள் மேல் தாள்

நாலு ட்ரேசிங் பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காவிரி, அரசலாறு, வாய்க்கால்களை வரையுங்கள். அடுத்ததில் மேட்டு நிலம், மூன்றாவதில் கோயில்கள், நாலாவதில் வீடுகள். நாலையும் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், தண்ணீர் ஏறாத மேட்டில் வீடுகளும் பள்ளத்தில் வயல்களும் இருப்பது பளிச்சென்று தெரியும். இதையே கம்ப்யூட்டரில் செய்வதற்குப் புவியியல் தகவல் அமைப்பு, சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்று பெயர்.

சோழர் காலத்து ஊர்கள்

கல்வெட்டில் ஓர் ஊரைச் சொல்லும்போது அது எந்த 'நாடு' என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். எ. சுப்பராயலு என்ற வரலாற்று அறிஞர் அந்த ஊர்களில் இன்றும் இருப்பவற்றைத் தேடி, வரைபடத்தில் புள்ளி வைத்தார். ஒரே நாட்டைச் சேர்ந்த புள்ளிகளைச் சேர்த்தால் அந்த நாட்டின் உருவம் கிடைக்கும். அரசன் கோடு போட்டுப் பிரித்ததல்ல நாடு, விவசாயம் செய்த ஊர்கள் சேர்ந்து உருவானது என்று அவர் காட்டினார். அவர் நூல் 1973-ல் வந்தது. பின்னர் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்கும் பணியையும் நடத்தினார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி இல்லாத இடங்கள் எவை என்ற கணக்கு இருக்கிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் அதில் உண்டு. யாரைத் தள்ளி வைத்தார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

எங்கள் வரைபடம்

போன மாதம் சமூக அறிவியல் டீச்சர் ஊர் வரைபடம் வரையச் சொன்னாங்க. முருகன் கோயிலின் 60 படியில் ஆரம்பிச்சு சன்னதி, கடைத்தெரு, சிலை வார்க்கிற பட்டறை எல்லாம் வரைஞ்சோம். வாய்க்காலோட நிறுத்திட்டோம். டீச்சர் போனில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிசாக்கிக் காட்டினாங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட வரிசையா கூரைகள்! எங்க வகுப்புத் தோழி ஒருத்தி வீடு அங்கேதான். அவ பக்கத்திலேயே நின்னா, ஒண்ணும் பேசல. எனக்கு அவ முகத்தைப் பார்க்கவே வெக்கமா இருந்துச்சு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லுல எழுதினவங்ககூட சேரின்னு ஒரு வார்த்தை எழுதினாங்க. நாங்க அதுகூட எழுதல.

சனிக்கிழமை அவளோட போனோம். மேலிருந்து பார்த்தா கூரை தெரியும், பேர் தெரியாதே! அவ அப்பாயி ஒவ்வொரு சந்துக்கும் பேர் சொன்னாங்க. "இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்ல பாப்பா" என்றாங்க.

முடிவுரை

இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் 2009 முதல் நம் நாட்டின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். வீட்டில் போன் இருந்தால் பாருங்கள். பார்த்ததோடு விடாமல் நடந்து போய்க் கேளுங்கள்.

திருத்திய வரைபடத்தை இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். உங்க தெரு விட்டுப்போயிருந்தா பென்சிலால் எழுதிட்டுப் போங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி