பெயருக்குப் பூட்டா, பொருளுக்குப் பூட்டா?

இணைய வழங்கி என்னும் சர்வர், கேட்டதை எடுத்துத் தரும் ஒரு கணிப்பொறி. எவருக்கு எதைத் தரலாம், எதை மறுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைப்பது நம் வேலை. 1995-இல் தோன்றி இன்றும் வழக்கில் உள்ள அப்பாச்சி வழங்கியைக் கொண்டு அதனை ஆராய்வோம். எங்கள் ஆய்வுக்கூடத்து வழங்கியைப் பேணுபவன் நான். ஆதலின் இஃது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

அப்பாச்சியில் விதி எழுதும் பகுதிகளுள் இரண்டு முதன்மையானவை. 'லொக்கேஷன்', வருவோர் கேட்கும் முகவரியை நோக்குவது. 'டைரக்டரி', வட்டில் கோப்பு உறையும் அடைவை நோக்குவது.

மாணவர் மதிப்பெண் பட்டியல்கள் ஓர் அடைவில் உள்ளன என்று கொள்வோம். '/மார்க்ஸ்' என்னும் முகவரிக்கு லொக்கேஷனில் தடை எழுதினால் போதாதா? போதாது. 'அலையஸ்' கட்டளையால் அதே அடைவுக்கு வேறொரு முகவரியும் அமைந்திருக்கலாம். அவ்வழி வருவோரை அத்தடை தடுக்காது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேற்றுமை பாராத கோப்பு முறையில், எழுத்தை மாற்றிக் கேட்டாலே தடை நழுவும். பதிவேட்டில் இராமசாமி, வீட்டில் ராமு. "இராமசாமியை விடாதே" என்று மட்டும் காவலரிடம் சொன்னால் ராமு உள்ளே போய்விடுவான் அல்லவா?

ஆகவே, கோப்புகளைக் காக்கும் தடையை டைரக்டரி பகுதியில் எழுதுக. ஆயின், அவ்வடைவைச் சுட்டும் சிம்லிங்க் வேறெங்கும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். அப்பாச்சி அவ்வழியைத் தனி அடைவாகவே கருதும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கோப்பில் எந்த வரிசையில் எழுதினாலும், அப்பாச்சி டைரக்டரி விதிகளை முன்னரும் லொக்கேஷன் விதிகளைப் பின்னருமே சேர்க்கும். இயல்பான அமைப்பில் பின்னதே வெல்லும். '/' என்னும் முகவரிக்கு லொக்கேஷனில் 'ரிக்வயர் ஆல் கிராண்டட்', அதாவது எல்லாருக்கும் அனுமதி, என்று எழுதிவிட்டால், டைரக்டரியில் பார்த்துப் பார்த்துப் போட்ட பூட்டெல்லாம் திறந்துகொள்ளும்.

அங்ஙனமாயின் லொக்கேஷன் வீணோ? இல்லை. வட்டில் கோப்பாக இராது, கேட்கும்பொழுதே உருவாகும் 'சர்வர் ஸ்டேட்டஸ்' போன்ற பக்கங்களுக்கு அதுவே ஏற்ற காவல்.

வட்டின் வேர் அடைவுக்கு முதலில் 'ரிக்வயர் ஆல் டினைட்' என மறுப்பு எழுதுங்கள். தேவையான அடைவை மட்டும் திறவுங்கள். பிறகு மாற்று முகவரிகளால் நீங்களே தட்டிப் பாருங்கள். உடன் பயிலும் ஒருவரின் மதிப்பெண்ணும் வீட்டு முகவரியும் அப்பட்டியலில் இருக்கும். அவரால் அதைப் பூட்ட இயலாது, நம்மால் இயலும்.