விளையாட்டில் ஒன்றும் மனம்

காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் என மூன்று பக்கமும் ரயில் பிரியும் நம் பாகாலாவில், சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு கேட்கும் குரல்: "டேய், போனை வெச்சுட்டுச் சாப்பிட வா!" பதிலும் ஒன்றுதான்: "இரும்மா, இந்த லெவல் மட்டும்!" இதைப் பிடிவாதம் என்றே நாம் எண்ணுகிறோம். வீடியோ கேமில் பிள்ளைகளுக்கு அப்படி என்ன இன்பம் என்று சற்றுப் பார்ப்போமா?

அமெரிக்க உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, சதுரங்கம் ஆடுவோர், மலையேறுவோர், நடனமாடுவோர் முதலியோரை ஆராய்ந்து 1975-ல் ஒரு நூல் வெளியிட்டார். சவாலும் திறமையும் ஈடாக நிற்கும்போது மனம் செயலில் முழுதும் ஒன்றிவிடுகிறது. நேரம் போவதே தெரிவதில்லை. சவால் மிஞ்சினால் பதற்றம், குறைந்தால் சலிப்பு.

நம் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தெலுங்கில் புலி-மேக என்பார்கள். 3 புலி, 15 ஆடு. ஆடத் தெரியாதவரோடு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். சரிக்குச் சரியான ஆள் அமைந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கவனம் திரும்பாது. அப்படிப்பட்ட ஆள் எந்நேரமும் கிடைப்பாரா? கம்ப்யூட்டர் கிடைக்கிறது.

1978-ல் ஜப்பானியரான தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், எதிரிகளைச் சுடச்சுட மிஞ்சியவை வேகமெடுக்கும். இது திட்டமிட்டுச் செய்ததன்று! திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக்குறைய இயந்திரம் தானாகவே விரைந்தது. ஆட்டம் சூடுபிடிப்பதைக் கண்டு அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' தொடக்கத்தில் விளக்கம் ஒரு சொல்கூட இல்லை. முதல் எதிரியிடம் சிக்கிய பிள்ளை, மறுமுறை தாண்டிக் குதிக்கிறான். தானே கண்டுபிடித்தோம் என்ற பெருமிதம் அவனுக்கு.

இன்றைய செல்போன் விளையாட்டுகள் பலவற்றில் வேறொரு தந்திரமும் உண்டு. தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் நஷ்டம். இதில் திறமைக்கு வேலையில்லை. ஆளைக் கட்டிப்போடும் வேலை. பிள்ளை உற்சாகமாக ஆடுகிறானா, முகம் வாடியும் விட முடியாமல் ஆடுகிறானா என்று கவனியுங்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் மணிக்கணக்கை வைத்து இதைக் கோளாறு என்பதில்லை. கட்டுப்பாடு இழந்து, மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் நேர்ந்தும் தொடர்வது, பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான்.

பாதியில் போனைப் பிடுங்குவது, ஆடிக்கொண்டிருக்கும் சதுரங்கக் காய்களைக் கலைப்பது போல. "இந்தக் கட்டம் முடிந்ததும் சாப்பாடு" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளியில் நாளெல்லாம் தெலுங்கு பேசிவிட்டு வந்த பிள்ளை, "இங்க குதிக்கணும்ப்பா, இல்லேன்னா விழுந்துடும்" என்று மூச்சுவிடாமல் தமிழில் பாடம் எடுப்பான்.