உப்புக்காற்று மேல் பழி போட்டால்?

கேள்வி: மீன் வியாபாரத்துக்கு வாங்கிய ஸ்கூட்டர், வாரண்டி முடியும் முன்பே துருப்பிடித்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் 'உப்புக்காற்று, வாரண்டி செல்லாது' என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, ஊரூர் ஒல்காட் குப்பம்

பதில்: அம்மா, மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டைப் பத்திரப்படுத்துங்கள். மீன்பெட்டித் தண்ணீர் வடியும் இடத்தில் மட்டும் துரு என்றால் அவர்கள் வாதம் எடுபடலாம். தண்ணீரே படாத வெல்டிங் இணைப்பில் பெயின்ட் பொரிந்து துரு கிளம்பினால், தயாரிப்புக் குறை என்று வாதாடலாம்; படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியுங்கள். புகார் வீண்போகாது: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா ஸ்கூட்டர்கள் பற்றிப் பத்தாயிரத்துக்கும் மேல் புகார்கள் குவிந்ததால்தான், 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. உழைத்த காசை விட்டுக்கொடுக்காதீர்கள்.