தானப் பத்திரமும் முதுமைக் காப்பும்

கேரளத்தில் முதியோர் ஓய்வூதியம் பெற 60 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டலாகாது. விண்ணப்பத்தை ஊராட்சியோ நகராட்சியோ ஏற்கிறது. பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைக் கிராமங்களில் குடியிருந்து, 1956-இல் தமிழகத்துடன் இணைந்த விளவங்கோட்டில் நிலம் வைத்திருப்போர் அந்த வருவாயையும் கணக்கில் காட்ட வேண்டும்.

வரம்புக்குள் அடங்கவும், ஆதரவற்றோர்க்கான அரசு முதியோர் இல்லத்தில் இடம் பெறவும் நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிடலாம் என எண்ணுவோர் உளர். இது ஆபத்தான கணக்கு. நிலம் போவது உறுதி. உதவி கிடைப்பது உறுதியன்று.

எழுதியே தீர வேண்டுமாயின், பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை அறிந்திருத்தல் நலம். தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிய தானத்தை, பிள்ளைகள் அதில் தவறினால், தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். அந்நிபந்தனை இல்லையெனில் இப்பிரிவு உதவாது என உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டுமென 2025-இல் அதே நீதிமன்றம் கூறியுள்ளது. எனினும் வழக்காடும் வலிமை எத்தனை முதியோருக்கு உண்டு?

எல்லையோரத்தில் மற்றோர் இடரும் உண்டு. இஷ்டதானப் பத்திரம் மலையாளத்தில் எழுதப்படுகிறது. தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டி, நம்பிக்கையான ஒருவரைக்கொண்டு அதனைப் படிக்கச் செய்து, பராமரிப்பு நிபந்தனையும் ஆயுள்வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையும் அதில் உள்ளனவா எனத் தெரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும்.